பள்ளியும் பட்டமும்: பெந்தெகொஸ்தே ஊழியர் பயிற்சி பற்றி ஒரு திறனாய்வு

சமணத் துறவியர் தங்கிய இடத்துக்குப் 'பள்ளி' என்று பெயர். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் இன்று அதே பெயர்தான். துறவி வாழ்ந்த இடத்திலேயே பாடமும் நடந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. கல்லாற்றில் கடை வைத்திருக்கும் தமிழ்ச் சமணனுக்குப் பெந்தெகொஸ்தே சபைகளின் ஊழியர் பயிற்சியில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வாழ்க்கையும் கல்வியும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் அளவுகோல் எல்லாச் சமயத்துக்கும் பொது. அதைக் கொண்டே பார்க்கிறேன்.

இச்சபைகளில் ஊழியரை உருவாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விசுவாச வீடு. கேரளத்தில் பிறந்து இலங்கை சென்று கிறிஸ்தவரான ராமன்குட்டி என்ற பாஸ்டர் பால், 1920களில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் வழி இது. கல்லூரி இல்லை, பட்டம் இல்லை, சம்பளமும் இல்லை. சொத்தையும் இல்லறத்தையும் விட்டு வந்தவர்கள் மூத்த ஊழியரோடு கூடி வாழ்ந்தே கற்கிறார்கள். எங்கள் முனிவர் சங்கத்தை அறிந்தவனுக்கு இது அந்நியமே அல்ல. பெரியவர் கோபத்தை எப்படி அடக்குகிறார் என்பதைக் கூட இருந்து பார்த்தால்தானே தெரியும்! ஆனால் கேள்வி கேட்டுப் பழகாத சீடனுக்கு நாளடைவில் குருவின் கருத்தே வேதமாகிவிடும். எங்கள் நீலகேசி முழுக்க வாதம்தான். துறவுக்குத் தர்க்கம் பகையல்ல.

இரண்டாவது வழி, வேதாகமக் கல்லூரி. ஜான் பர்ஜஸ் 1927இல் மாவேலிக்கரையில் தொடங்கிய பெத்தேல் வேதாகமப் பள்ளி பின்னர் புனலூருக்கு மாறியது. அடூர் அருகே மணக்காலாவில் 1970இல் தோன்றிய ஃபெய்த் இறையியல் கல்லூரி செராம்பூர் பட்டத்தோடு இணைந்தது. கிரேக்கம், எபிரேயம், திருச்சபை வரலாறு என்று மூலநூலை ஆராயும் கருவிகள் இவ்வழியில் கிடைக்கின்றன. இது பெரிய லாபம். ஆனால் மாணவன் பொறுமையில் தேறினானா என்று எந்தப் பரீட்சைத் தாளும் காட்டாது.

இரண்டு வழியிலும் நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழருக்கு இன்னொரு குறை உண்டு. கடைக்கு வரும் இளம் பாஸ்டர் ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, பாடம் இங்கிலீஷ்ல கேட்டேன், நோட்டு மலையாளத்துல எழுதினேன், சாவு வீட்டுல ஜெபம் மட்டும் தமிழ்ல பண்ணணும். வார்த்தை வரமாட்டேங்குது."

இது சின்ன விஷயமல்ல. பொன்முடிப் பக்கத்துத் தோட்டங்களில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்குப் போகிறார்கள். நான் பார்த்த சில வீடுகளில் இருக்கும் ஒரே தமிழ்ப் புத்தகம் வேதாகமம். அதை வாசித்துப் பொருள் சொல்பவருக்கே தமிழ் தடுமாறினால், அந்தப் பிள்ளைக்கு எழுத்து எங்கிருந்து வரும்?

வழி இல்லாமல் இல்லை. மதுரை அரசரடியில் 1969இல் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பெந்தெகொஸ்தே சார்ந்ததல்ல. ஆனால் உயர்பட்ட இறையியலைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று காட்டியது. மாணவரை வளாகத்துக்கு வெளியே ஏழை மக்களோடு வாழவும் வைத்தது. நன்னூல் தந்த பவணந்தியார் சமண முனிவர். மொழிக்கு இலக்கணம் செய்வது அவர் துறவுக்குக் குறைவாகவில்லை.

விசுவாச வீட்டின் கூட்டுவாழ்வு, கல்லூரியின் நூலறிவு, சபையாரின் தாய்மொழி. இம்மூன்றும் ஒரே கூரையின்கீழ் சேரும் இடத்தைத்தான் நம் முன்னோர் பள்ளி என்றார்கள். தமிழ்ச் சபைக்கு ஊழியரை அனுப்பும் பெரியவர்கள், அவரிடம் பட்டத்தைக் கேட்குமுன் ஓர் அதிகாரத்தைத் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லட்டும்.