சிவப்பு ஓரப் பையும் இரண்டு லிட்டர் கணக்கும்

விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடையில் ஒரு பாட்டில் வாங்கினால், பில் போட்டதும் விற்பனையாளர் அதை ஒரு பைக்குள் இறக்குவார். உள்ளிருப்பது தெரிகிற கனமான பிளாஸ்டிக், சுற்றிலும் சிவப்பு ஓரம், பில் வெளியே தெரியும்படி வைக்க ஓர் இடம். பசைப் பட்டையை உரித்து அழுத்தி ஒட்டிவிட்டால் பிறகு கிழிக்காமல் திறக்க முடியாது; மெல்லப் பிரித்துப் பார்த்தாலும் ஒட்டிய இடம் காட்டிக்கொடுத்துவிடும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த அளவுகோல்படி செய்யப்படும் பை இது. கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்று விதி இருந்தும் ஒரு லிட்டர் விஸ்கி விமானத்துக்குள் ஏறுவது இதன் தயவில்தான்.

இந்தப் பையைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. எல்லாம் வியாபாரத் தந்திரம் என்பது ஒன்று. டியூட்டி ஃப்ரீ என்றால் மலிவு, பையும் ஒட்டித் தந்துவிட்டார்கள், இனி என்ன கவலை என்பது மற்றொன்று. முதல் பேச்சு பாதுகாப்பைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. இரண்டாவது பேச்சு விலையையும் பார்ப்பதில்லை, போகிற வழியையும் பார்ப்பதில்லை. பயணிகளின் காசைக் கரைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆனாலும் முதலாவதைப் பேசிவிட்டுப் போவோம்.

“வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் குப்பையில் போடுகிறார்கள், பத்தடி தள்ளி சரக்கு விற்கிறார்கள்” என்று சொல்லாத பயணி குறைவு. கேலி சுவையானது, வாதமாக நிற்காது. 1994 டிசம்பரில் மணிலாவிலிருந்து செபு வழியாக டோக்கியோ போன பிலிப்பைன்ஸ் ஏர்லைன்ஸ் விமானத்தில், காண்டாக்ட் லென்ஸ் திரவக் குப்பியில் கடத்திவந்த நைட்ரோகிளிசரின் வெடித்து ஜப்பானியப் பயணி ஒருவர் இறந்தார். 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் பிடிபட்ட கும்பல், குளிர்பான பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடுக் கலவையை நிரப்பி, அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களை நடுவானில் தகர்க்கத் திட்டமிட்டிருந்தது. ஆகஸ்ட் 10 அன்று திரவம் எதுவுமே கூடாது என்று ஆனது. சில வாரங்களில் அமெரிக்காவும், நவம்பரில் ஐரோப்பாவும் 100 மில்லி என்ற அளவுக்கு இறங்கிவந்தன. அன்றைய எக்ஸ்ரே கருவிகளால் ஒரு பாட்டிலில் இருப்பது என்ன திரவம் என்று நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வந்தது.

கடைச் சரக்கின் கதை வேறு. அது சோதனை வளையத்துக்கு உள்ளே இருக்கும் கடைக்கு, கண்காணிக்கப்பட்ட வழியில், தெரிந்த விநியோகஸ்தரிடமிருந்து வருகிறது. உங்கள் தண்ணீர் பாட்டில் எங்கே நிரப்பப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. அந்த விஸ்கி எங்கிருந்து வந்தது என்று தெரியும். அந்தத் தகவல் கலையாமல் அடுத்த விமான நிலையம் வரை போய்ச் சேரத்தான் முத்திரைப் பை. பாதுகாப்புக் கணக்கில் இதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாட்டின் கடை ஒட்டிய முத்திரையை இன்னொரு நாடு நம்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகள் தன் உறுப்பு நாடுகளையும் சிங்கப்பூர் போன்ற சில நாடுகளையும் மட்டுமே நம்பியது. மற்ற இடத்தில் வாங்கியவர்கள் ஒழுங்காக ஒட்டிய பையோடு வந்தும் பாட்டிலைப் பறிகொடுத்தார்கள். 2014 தொடக்கத்தில்தான், எந்த நாட்டில் வாங்கியதானாலும் முத்திரைப் பையில் இருந்தால் கருவியில் சோதித்து அனுமதிக்கலாம் என்ற நிலை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வந்தது. ‘சோதித்து’ என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். பை உங்களைச் சோதனை மேசை வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். அதற்கு அப்பால் கருவி சொல்வதுதான் முடிவு. ராயல் சல்யூட் 21 பீங்கான் குடுவையில் வருகிறது. மாமனாருக்கோ மேலதிகாரிக்கோ வாங்கிப்போகிறவர்களின் செல்லப் பொருள் அது. உள்ளே என்ன என்று கருவியால் தீர்மானிக்க முடியாத பாட்டிலை, பை எவ்வளவு ஒழுங்காக ஒட்டியிருந்தாலும் அமெரிக்கச் சோதனை அதிகாரிகள் மறுக்கலாம். அழகான குடுவைக்குக் கூடுதல் விலை கொடுத்து, கூடுதல் ஆபத்தையும் சேர்த்து வாங்குகிறோம்.

இனி காசு. டியூட்டி ஃப்ரீயில் உங்களுக்குக் கிடைக்கிற அதிகபட்ச லாபம் நீங்கள் கட்டாமல் தப்பிக்கிற வரிதான். அந்த வரி நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. சிங்கப்பூரில் விஸ்கிக்குத் தீர்வை, அதிலுள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 40 சதவீத விஸ்கி ஒரு லிட்டர் என்றால் 35 வெள்ளி 20 காசு. அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. ஒரு பாட்டிலுக்கு 38 வெள்ளிக்கு மேல் மிச்சம், நல்ல தொகைதான். அமெரிக்காவுக்கு வாருங்கள். அங்கே கூட்டாட்சி கலால் வரி 750 மில்லி பாட்டிலுக்குச் சுமார் 2 டாலர் 14 சென்ட். மாநில வரிகளைச் சேர்த்தாலும் பல மாநிலங்களில் பெரிய தொகை ஆகாது. ஜெர்மனியில் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மதுவரி ஐந்து யூரோ சொச்சம். நிலைய வாடகையும் கடைக்காரர் லாபமும் அந்தச் சிறு மிச்சத்தை விழுங்கிவிட வெகுநேரம் ஆகாது. அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது நிலையத்தில் ஜானி வாக்கர் வாங்கி, அதை ஏறுபாலத்தில் கொண்டுவந்து தருவார்களா என்று கழுத்தை நீட்டிக் காத்திருப்பவர், முந்தின நாள் நகரத்துப் பெரிய மதுக்கடையில் அதே சரக்கை வாங்கி செக்-இன் பெட்டியில் வைத்திருந்தால் பெரும்பாலும் குறைவாகவே செலவழித்திருப்பார். 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள மதுவை, கடை முத்திரை உடையாமல், ஒருவர் 5 லிட்டர் வரை செக்-இன் பெட்டியில் வைக்கலாம் என்பதுதான் விமான விதி. 70 சதவீதத்தைத் தாண்டினால் எந்தப் பெட்டியிலும் இடமில்லை.

விலைப்பட்டியலில் இன்னொரு கண்கட்டு. டியூட்டி ஃப்ரீயில் பாட்டில் பெரும்பாலும் ஒரு லிட்டர். நகரத்தில் 700 அல்லது 750 மில்லி. லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காமல் ஒப்பிடுவது வீண். ‘பயணிகளுக்கு மட்டும்’ என்று தங்க எழுத்தில் போட்ட வகைகளோ வெளியே எங்கும் விற்காதவை. ஒப்பிட விலையே இல்லாத பொருளில் தள்ளுபடி என்றால் எதிலிருந்து தள்ளுபடி? அவற்றைச் சுவைக்காக வாங்குங்கள். மிச்சம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இந்தியாவுக்குள் வருகிறவருக்குச் சலுகை 2 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டோடு அது முடிந்தது. மூன்று எடுத்தால் சலுகை என்று கடையில் அட்டை தொங்கினால் அந்த மூன்றாவது பாட்டில் உங்களுக்கானது இல்லை. இறக்குமதி மதுவுக்கு 150 சதவீதம் என்ற அளவில் சுங்கம் வைத்துப் பழகிய நாடு இது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தம் ஸ்காட்ச் விஸ்கிக்கு அதை முதலில் 75 ஆகவும் பத்தாம் ஆண்டில் 40 ஆகவும் குறைக்க ஒப்புக்கொண்டது என்பதிலிருந்தே அந்தச் சுவரின் உயரம் தெரியும். ஒருவர் சலுகையை இன்னொருவர் கணக்கில் சேர்க்கவும் முடியாது. குடும்பமாக வந்தால் பில் தனித்தனியாக இருப்பது நல்லது. சிங்கப்பூர் இன்னும் கறார். 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்தால் சலுகையே கிடையாது. ஜொகூர் போய்த் திரும்புகிறவர்கள் கணக்குப் போடுவதில் பயனில்லை.

வரி எவ்வளவு மிச்சமானாலும், பாட்டில் வீடு வந்து சேராவிட்டால் கணக்கு பூஜ்யம். எனவே வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்தப் பாட்டிலோடு நான் இன்னும் எத்தனை சோதனை மேசைகளைக் கடக்க வேண்டும்? துபாயிலிருந்து திருச்சிக்கு நேராக வருகிறவருக்கு ஒன்றுமில்லை, தாராளமாக வாங்கலாம். சென்னையில் வாங்கி பிராங்பர்ட்டில் விமானம் மாறுகிறவர் அங்கே மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பை முழுதாக இருக்க வேண்டும், பில் உள்ளே இருக்க வேண்டும். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குக் காட்டப் பையைக் கிழித்தவர் அங்கேயே தோற்றார். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் சோதனை விமான வாசலிலேயே நடக்கும். எல்லாக் கடைகளையும் தாண்டி வந்துவிட்டோம் என்று நிம்மதியாகும் இடத்தில்தான் மேசை காத்திருக்கும்.

இடையில் அமெரிக்கா வந்தால் சிக்கல் வேறு விதம், தீர்வு கைக்குள்ளேயே இருக்கிறது. முதலில் இறங்கும் நகரத்தில் பெரும்பாலும் பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, அடுத்த விமானத்துக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கன்வேயர் பெல்ட் ஓரமாகப் பெட்டியைத் தரையில் கிடத்தி, ஜிப்பைத் திறந்து, பாட்டிலைப் பையோடு வேட்டியிலோ துண்டிலோ சுருட்டி நடுவில் திணித்து மூடிவிடலாம். கூச்சப்பட வேண்டாம், பழகியவர்கள் நாலு பேர் பக்கத்திலேயே அதைச் செய்துகொண்டிருப்பார்கள். பையை நம்பியே கையில் எடுத்துப்போகவும் விதி இடம் தருகிறது. வாங்கி 48 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அசல் பில் இருக்க வேண்டும். நான் பெட்டியைத்தான் நம்புவேன். டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி மதுரைக்கோ கோவைக்கோ மாறுகிறவர்களும் பெட்டி கைக்கு வரும் இடத்தில் இதையே செய்யலாம்.

இந்த ஏற்பாட்டின் அநீதி கடையின் கல்லாவில் தொடங்குகிறது. பில் போடும்போது கடைக்காரர் போர்டிங் பாஸை வாங்கி ஸ்கேன் செய்கிறார். அடுத்து ஏறப்போகும் விமானம் அவருக்குத் தெரிந்தால் போதும். உங்கள் கையிலேயே இரண்டாவது போர்டிங் பாஸ் இருக்கிறது. அதைக் கேட்பவரும் உண்டு, கேட்காதவரும் உண்டு. கேட்டால் “பிராங்பர்ட்டில் மறு சோதனை, பீங்கான் குடுவை வேண்டாம்” என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் விற்பனை போகலாம். சொல்லாவிட்டால் நஷ்டம் முழுக்க வாங்கியவருக்கு. பறிமுதலான பாட்டிலுக்குக் கடையிலிருந்து காசு திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது. பாதுகாப்பு விதியைக் காட்டி விற்பனையைச் சாத்தியமாக்கிக்கொண்ட வியாபாரம், அதே விதியால் வரும் ஆபத்தை மட்டும் வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறது. கேலி பேச வேண்டிய இடம் இதுதான்.

இதற்கெல்லாம் எளிய பதில், இறங்கும் இடத்தில் கடை வைப்பது. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் அது உண்டு. சென்னையில் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே வாங்கிவிடலாம். இலங்கையின் கட்டுநாயக்காவில் இறங்குகிறவர்கள் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும்கூட வாங்குகிறார்கள். அவற்றுக்கு முத்திரைப் பை யாரும் கேட்பதில்லை. வருகைக் கடையில் வாங்கினால் பாட்டிலை விமானத்தில் ஏற்றவும் வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் கண்ணாடியோடு ஒன்றரைக் கிலோ வரும். இருநூறு பேர் ஆளுக்கு இரண்டு வாங்கினால் அறுநூறு கிலோ கண்ணாடியும் எரியும் திரவமும் தலைக்கு மேல் அடுக்கில் பறக்கிறது. தண்ணீரைப் பிடுங்கும் பாதுகாப்பு மனம் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று கேட்டால், புறப்பாட்டுக் கடைகளின் வருமானத்தை நம்பியிருக்கும் நிலையங்களைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனும் அமெரிக்காவும் வருகைக் கடைகளை இன்னும் திறக்கவில்லை.

வருகைக் கடையில் வகை குறைவு என்பது உண்மை. தேடுகிற சிங்கிள் மால்ட் அங்கே இல்லாமல் போகலாம்; களைத்து வந்த நேரத்தில் வரிசையும் நீளும். அபூர்வமான பாட்டிலைத் தேடுகிறவர் புறப்பாட்டுக் கடையில் வாங்கட்டும், வழியில் வேறு சோதனை இல்லையென்றால். இடைநிலையம் இருந்தால் கடைசிச் சோதனைக்குப் பிறகு வரும் கடையில் வாங்கட்டும். வழக்கமான பிளாக் லேபிளுக்கும் சிவாஸ் ரீகலுக்கும் இந்தியா வருகிறவர் வருகைக் கடையைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. பத்து டாலர் வித்தியாசத்துக்காக மூன்று கண்டம் பாட்டில் சுமப்பது வீண் வேலை. அமெரிக்கப் புறப்பாட்டுக் கடைக்கு என் தீர்ப்பில் இடமில்லை.

பழைய எக்ஸ்ரே கருவிகளுக்குப் பதிலாக முப்பரிமாணப் படம் எடுக்கும் சிடி ஸ்கேனர்கள் வந்ததும் எடின்பரோ நிலையம் 2025 ஜூலையில் 100 மில்லி வரம்பைக் கைவிட்டு, 2 லிட்டர் பாட்டில் வரை கைப்பையில் அனுமதிக்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட நிலையங்களில் முத்திரைப் பைக்கு வேலையே குறைகிறது. உங்கள் வழியில் இருக்கும் ஒவ்வொரு நிலையமும் அப்படி மாறும்வரை, கல்லாவில் முதல் போர்டிங் பாஸோடு இரண்டாவதையும் சேர்த்தே நீட்டுங்கள். “அடுத்த சோதனையில் இது போகுமா?” என்ற கேள்விக்குக் கடைக்காரர் தயங்கினால் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிடலாம்.