பாலையாவின் பயம், நாகேஷின் வேலை

1964-ல் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில், நாகேஷின் செல்லப்பா தன் அப்பாவான டி.எஸ்.பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். இந்த முறை நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் கவனியுங்கள். சினிமா எடுக்கப் பணம் கேட்டு நச்சரிக்கும் மகனிடம் போனால் போகிறதென்று காது கொடுத்தவர், கொஞ்ச நேரத்தில் வெலவெலத்துப் போகிறார். இத்தனைக்கும் மகன் சொல்வதில் கதை என்று ஒன்றுமே இல்லை. இருட்டு, சத்தம், யாரோ வருகிறார்கள் என்ற பதற்றம், அவ்வளவுதான். சத்தம் எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகிறது.

ஒவ்வொரு சத்தத்துக்கும் பிறகு அவர் ஒரு நொடி நிறுத்துகிறார். அந்த இடைவெளி முழுக்கப் பாலையாவுக்குச் சொந்தம். அதில்தான் பயம் ஊறி முகத்துக்கு வருகிறது. நாம் சிரிப்பது அந்த முகத்தைப் பார்த்து. பாலையா 1936-ல் ‘சதி லீலாவதி’யில், எம்.ஜி.ஆர். அறிமுகமான அதே படத்தில், திரைக்கு வந்தவர். அப்படிப்பட்டவர் எதிரே இருக்கும்போது முப்பது வயதுக்காரர் ஒருவர் முந்திக்கொண்டு கைதட்டல் வாங்கத்தான் பார்ப்பார். நாகேஷ் வழிவிட்டார். அவருடைய ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேசும் பலர் வேகத்தையும் வளையும் உடம்பையும் மட்டுமே புகழ்வது எனக்கு எப்போதும் ஆதங்கம்தான். காத்திருக்கத் தெரிந்தவர் அவர்.

இந்தப் பாடம் மேடையில் கிடைத்தது என்பது என் கணிப்பு. நாகேஷ், அப்போது தாராபுரத்துக் குண்டுராவ், சென்னையில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தபோது, அலுவலக நாடகம் ஒன்றில் வயிற்றுவலி நோயாளியாக ஒரே ஒரு காட்சியில் வந்துபோனார். தலைமை தாங்கிய எம்.ஜி.ஆர். அந்தத் துண்டு வேடத்தைத்தான் மேடையேறிப் பாராட்டினார். ‘டாக்டர் நிர்மலா’ நாடகத்தின் தண்டபாணி வேடம் ‘தை நாகேஷ்’ என்ற பட்டப்பெயரை வாங்கித் தந்தது. சின்ன வேடக்காரனுக்குச் சொந்தமாக நேரம் கிடையாது. மற்றவர் வசனத்துக்கு நடுவே கிடைக்கும் சந்தில் நுழைந்து, காட்சியைக் கெடுக்காமல் வெளியே வர வேண்டும்.

சினிமா உடனே கைகொடுக்கவில்லை. 1958-ல் ‘மானமுள்ள மறுதாரம்’, அடுத்த வருடம் ‘தாமரைக்குளம்’. அம்மைத் தழும்பு முகமும் ஒல்லி உடம்பும் அன்றைய திரை அழகுக்கு ஒத்துவராதவை. தி.நகர் அறையில் அவரோடு கஷ்டகாலத்தைப் பகிர்ந்தவர்களில் ஒருவர், பாட்டெழுத வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த வாலி. 1962-ல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வந்த பிறகே வண்டி ஓடத் தொடங்கியது.

அவரைச் சரியாக அளந்தவர் கே.பாலசந்தர். மேடைக்காக எழுதிய ‘சர்வர் சுந்தரம்’ 1964-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமானபோதும் சுந்தரம் நாகேஷ்தான். ஓட்டல் சர்வர் சினிமா நட்சத்திரமாகிறான். அவன் விரும்பும் பெண்ணோ அவனுடைய நண்பனை விரும்புகிறாள். அது தெரிந்த பிறகும் நாகேஷ் குரலைத் தழுதழுக்க விடுவதில்லை. பேச்சு கொஞ்சம் மெதுவாகிறது, அவ்வளவே. சோகக் காட்சி என்றால் கதறித் தீர்ப்பது வழக்கமாக இருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல்.

1965-ல் ‘திருவிளையாடல்’. நாகேஷ் நடித்த ஏழைப் புலவன் தருமிக்கு முன்னால் நிற்பவர் சிவாஜி. நிமிர்ந்த உடம்பு, மண்டபம் அதிரும் குரல். அதே உயரத்துக்குக் குரலை ஏற்றி மோதியிருந்தால் காட்சி அப்போதே முடிந்திருக்கும். நாகேஷ் கூனுகிறார், குழைகிறார், பின்வாங்குகிறார், பரிசுப் பணம் நினைவுக்கு வந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்கிறார். அவர் சுருங்கச் சுருங்கச் சிவாஜியின் சிவன் இன்னும் பெரிதாகத் தெரிகிறார். நகைச்சுவைச் சேனல்கள் இந்தக் காட்சியை ஓயாமல் போடுகின்றன. ஆனால் தருமியின் ஒற்றை வரிகளை மட்டும் நறுக்கிப் போடும் துணுக்குகளில் இந்த ஏற்ற இறக்கம் காணாமல் போய்விடுகிறது. வருத்தமாக இருக்கிறது.

அதே வருடம் பாலசந்தர் முதன்முதலில் இயக்கிய ‘நீர்க்குமிழி’யில் நாகேஷ்தான் நாயகன்: மருத்துவமனையில் எல்லோரையும் சிரிக்கவைக்கும், சாவை நெருங்கிக்கொண்டிருக்கும் நோயாளி. ரயில்வே மேடையின் வயிற்றுவலிக்காரருக்கு அன்று கிடைத்தது ஒரே காட்சி. இங்கே அந்த நோயாளிக்கு முழுப்படமும் கிடைத்தது.