ஆண்டு மலரும் நூலகக் கழகமும்

உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் பெயரால் நடைபெறும் பணிகள் பல. அவற்றுள் மொழிக்கு நெருக்கமானவை இரண்டு: ஒன்று ஆண்டு மலர், மற்றொன்று நூலகக் கழகம். இவ்விரண்டும் உண்மையிலேயே மாணவர்க்கு உரியனவாக உள்ளனவா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர்க்கு இது சிறிய வினா அன்று. 1946இல் தொடங்கி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த சிங்கப்பூர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. மலேசியாவில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதுவும் சில பள்ளிகளில் கால அட்டவணைக்கு வெளியேதான் நடைபெறுகிறது. ஆகவே, பதின்மூன்று வயதுக்குப் பின் ஒரு பிள்ளையின் தமிழ் வளர்வதும் வாடுவதும், அவன் தானே விரும்பிப் படிப்பதையும் எழுதுவதையும் பொறுத்தவை. அந்த இடத்தில்தான் மலரும் நூலகமும் வந்து நிற்கின்றன.

இனி, நாம் காணும் மலர்களுள் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். முதற் பக்கங்களில் பிரமுகர்களின் வாழ்த்துரைகள், அடுத்துக் கழகங்களின் நிழற்படங்கள், பின்னர் விளம்பரங்கள். இவற்றுக்கு இடையே ஒதுங்கி நிற்கின்றன மாணவர் கட்டுரைகள். அவற்றையாவது ஆவலோடு படிக்கலாமென்றால், எல்லாக் கட்டுரைகளும் ஒரே குரலில் பேசுகின்றன. தாய்மொழியின் சிறப்பு, நேரத்தின் அருமை, ஒற்றுமையின் பயன் என்னும் தலைப்புகள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. எழுதியவன் பெயரை நீக்கிவிட்டு வேறொரு பெயரை இட்டாலும் எவருக்கும் வேற்றுமை தெரியாது.

இக்குறைக்கு மாணவன் மட்டும் காரணமல்லன். ஒரு மாணவன் இவ்வாறு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "பாட்டி பால் மரம் வெட்டிவிட்டு வருவார். அவர் கைலியில் ஒட்டுப்பால் வாடை அடிக்கும். அதனால் நான் கிட்டே போகமாட்டேன். இப்பொழுது பாட்டி இல்லை. அந்த வாடை எங்கேயாவது வந்தால் நான் நின்றுவிடுவேன்." ஆசிரியரின் சிவப்பு மை இதன்மேல் பாய்கிறது. மலரில் வரும்பொழுது, "கதிரவன் தன் பொற்கரங்களை விரிக்கும் முன்னரே கண்விழித்து உழைத்த தியாகச் சுடர் என் பாட்டியார்" என்றாகிவிடுகிறது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டியும் இல்லை, பேரனும் இல்லை. அச்சில் தன் பெயரைக் கண்ட அப்பிள்ளை, தன் சொல் அச்சுக்குத் தகுதியற்றது என்ற பாடத்தையே கற்றுக்கொள்கிறான்.

நூலகக் கழகத்தின் நிலையும் இத்தகையதே. உறுப்பினர்கள் புத்தகங்களுக்கு உறை இடுகிறார்கள், எண் ஒட்டுகிறார்கள், இடைவேளையில் காவல் நிற்கிறார்கள். இவை வேண்டிய பணிகளே. ஆனால் தாம் அடுக்கும் நூலைப் படித்தவர் எத்தனை பேர்? தமிழ் அடுக்கிலோ பயிற்சி நூல்களும் மாதிரி வினாத்தாள்களுமே மிகுதி. கதை நூல்கள் அழுக்காகிவிடும் என்று அஞ்சிப் பூட்டிவைக்கும் வழக்கமும் உண்டு. நூல்கள் பயன்படுவதற்கே என்பதைத் தம் ஐந்து விதிகளுள் முதல் விதியாக 1931இலேயே வகுத்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீர்காழி இரா. அரங்கநாதன். அவ்விதியை உலகம் ஏற்றது. நம் அலமாரிப் பூட்டு இன்னும் ஏற்கவில்லை.

மலேசியப் பள்ளிகளில் 1999 முதல் நடைமுறைக்கு வந்த 'நீலாம்' வாசிப்புத் திட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆயினும் படித்த நூல்களின் எண்ணிக்கையே பெருமைக்குரியதாகும்பொழுது, பின்னட்டைக் குறிப்பு அப்படியே பதிவேட்டுக்குக் குடிபெயர்கிறது. நூறு நூல்களின் பெயரை எழுதியவனைவிட, ஒரு நூலோடு சண்டையிட்டவனே சிறந்த வாசகன்.

நம்மிடையே இதற்கு நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' இதழில் கதை வகுப்பு நடத்தினர். 1950களில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கி இளையோர் எழுத்துக்கு இடமளித்தது. இவற்றிலிருந்து எழுத்தாளர் பலர் தோன்றினர். எழுதியதைப் பொருட்படுத்திப் படிக்க ஒருவர் இருந்தார் என்பதே காரணம். 1924இல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. நாளிதழ்கள் சுமந்த பொறுப்பில் ஒரு பங்கைப் பள்ளிகள் ஏற்க வேண்டிய காலம் இது.

வழி எளிது. மலரையும் நூலகத்தையும் தனித்தனியே நடத்தாமல் ஒன்றாக்க வேண்டும். நூலகக் கழகம் திங்களுக்கு ஒரு நூலை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மாணவர் அதன் நிறையையும் மற்றொருவர் குறையையும் பேசட்டும். பேசியதை எழுதிச் சுவரிதழில் ஒட்டட்டும். ஆண்டு இறுதியில் அவற்றுள் சிறந்தவை மலருக்குச் செல்லட்டும். தேர்வு செய்யும் குழுவில் மாணவரே பெரும்பான்மையாக இருத்தல் நலம். ஏற்காத படைப்பைக் காரணம் எழுதித் திருப்பித் தருதல் இன்றியமையாதது.

பிழையோடு வெளியிடலாமா, பள்ளிக்கு இழுக்கல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். எழுத்துப் பிழையையும் சந்திப் பிழையையும் திருத்துவது ஆசிரியர் கடமை. அதில் தளர்வு கூடாது. ஆனால் கருத்து மங்கியிருந்தால், "நீ சொல்ல வந்தது என்ன?" என்று கேட்டு அவனையே எழுதச் செய்ய வேண்டும். இதற்குக் காலம் மிகுதியாகும் என்பது உண்மை. தேர்வுச் சுமையும் பொய்யன்று. மலரின் பக்கங்களைக் குறைத்தால் அக்காலம் கிடைக்கும். நூறு பக்க மலரில் மாணவன் இல்லை. நான்கு பக்கத் தட்டச்சு இதழில் அவன் இருப்பானாயின் அதுவே மேலானது.

அடுத்த மலருக்குக் கட்டுரை திரட்டும் தமிழாசிரியர்கள், சிவப்பு மையைத் தொடுமுன் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பாட்டியின் கைலியில் வீசும் வாடை அவ்வாறே இருக்கட்டும்.