ஒசிபிசா: சொந்தத் தாளமும் இரவல் மெட்டும்

சென்ற ரமலானில் ஒரு மாலை, கிழக்குத் தாம்பரத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நோன்பு திறந்துவிட்டு அமர்ந்திருந்தோம். சேலையூர்ப் பக்கம் கல்லூரியில் பயிலும் கானா நாட்டு மாணவர் ஒருவரும் விருந்தினராக வந்திருந்தார். நோன்புக் கஞ்சியை அவர் விரும்பிப் பருகியது கண்டு வீட்டார் மகிழ்ந்தனர். பேச்சு மெல்ல இசையின் பக்கம் திரும்பிற்று. நண்பரின் தகப்பனார், தம் இளமையில் சஹர் நேரத்தில் தாயிரா கொட்டிப் பாடி ஊரை எழுப்பிய பக்கீர்மார்களை நினைவுகூர்ந்தார். அந்தத் தாளத்தை நாற்காலியின் கைப்பிடியில் விரல்களால் தட்டியும் காட்டினார். உற்றுக் கேட்ட அம்மாணவர், "இத்தாளத்திற்கு உங்களிடம் என்ன பெயர்?" என்று வினவினார். கூடத்தில் இருந்த நம்மில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

பின்னர் அவர் தம் கைப்பேசியில் ஓர் இசைத்தட்டை ஒலிக்கவிட்டார். அது 'ஒசிபிசா' குழுவினுடையது. அக்குழுவின் பெயரே ஒரு தாளத்தின் பெயரிலிருந்து பிறந்தது என்றார். கானாவின் கடற்கரையோர ஃபான்டி மக்களிடையே 'ஒசிபிசாபா' என வழங்கிய ஆட்டத் தாளமே அது. தம் தாளத்தின் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டவர்கள் எங்கே. தாளத்தைக் காதில் வைத்துக்கொண்டு பெயரைத் தொலைத்துவிட்ட நாம் எங்கே!

இலக்கிய ஏட்டில் மேனாட்டு மேடையிசைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். இசை ஆகுமா, ஆகாதா என்ற விவாதத்திற்குள் நாம் நுழையவில்லை. அது ஆலிம் பெருமக்களின் துறை. பாடல்கள் நம் வீடுகளில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஒலிப்பவை யாருடைய மெட்டில் ஒலிக்கின்றன என்பதே நமது கேள்வி. அக்கேள்விக்கு ஒசிபிசாவின் வரலாறு நல்ல உரைகல்லாகும்.

1969ஆம் ஆண்டு லண்டனில் தோன்றிய குழு இது. கானாவின் குமாசி நகரில் வளர்ந்து, இசை பயில லண்டன் சென்ற டெடி ஓசெய், அவர் தம்பி மேக் டொன்டோ, முரசறைவோர் சால் அமார்ஃபியோ ஆகிய மூவரும் இதற்கு வித்திட்டனர். நைஜீரியர் ஒருவரும், கிரெனடா, டிரினிடாட், ஆன்டிகுவா ஆகிய கரிபியத் தீவுகளைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்களும் உடன் சேர்ந்தனர். நூற்றாண்டுகளுக்கு முன் அடிமைக் கப்பல்கள் பிரித்த இனம், குளிர் நகரமொன்றில் மீண்டும் ஒரு முரசின் முன் கூடியது எனலாம். 1971ஆம் ஆண்டிலேயே 'ஒசிபிசா', 'வோயாயா' என்னும் இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. ரோஜர் டீன் என்னும் ஓவியர் அவற்றின் உறைகளில் பறக்கும் யானைகளைத் தீட்டினார். யானைக்குச் சிறகு முளைத்த அவ்வோவியம் அவ்விசைக்கும் பொருந்தும். கனத்த முரசொலி அங்கே காற்றில் மிதக்கிறது.

அது மிதப்பது எவ்வாறு? நேயர்கள் மடியில் இரு கைகளையும் வைத்து, ஒரு கையால் இரண்டு தட்டும் நேரத்தில் மறு கையால் மூன்று தட்டிப் பார்க்கட்டும். இரண்டும் மோதுவது போலத் தோன்றும். பழகப் பழக இரண்டுக்கும் நடுவே மூன்றாவதொரு நடை தானே பிறக்கும். மேற்கு ஆப்பிரிக்கத் தாளத்தின் உயிர்நிலை இதுவே. இரும்பு மணியொன்று மாறாத ஒரு கணக்கை ஒலித்துக்கொண்டிருக்க, முரசுகள் ஒவ்வொன்றும் தத்தம் கணக்கில் அதைச் சுற்றி வரும். முதல் இசைத்தட்டின் தொடக்கத்தில் காட்டு விடியலின் பறவை, பூச்சி ஒலிகள் கேட்கின்றன. பிறகு குழலும் முரசும் எழுகின்றன. மின்கித்தாரும் சாக்சபோனும் டிரம்பெட்டும் அங்கே உண்டு. எனினும் அவை விருந்தாளிகள், வீட்டுக்காரர் முரசே. ராக் என்னும் மேனாட்டு இசையை ஒசிபிசா விரட்டவில்லை. அதற்கு அடிமைப்படவும் இல்லை. பாய் விரித்து உட்காரவைத்து, தம் தாளத்திற்கு வாசிக்கச் சொன்னது. இதுவே அக்குழுவின் சாதனை என்பது நம் துணிபு.

குறை இல்லையா எனில், உண்டு. 1976இல் வெளிவந்த 'சன்ஷைன் டே' என்ற பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடத்தைத் தொட்டது. இனிய பாடல்தான். ஆயினும் 1971ஆம் ஆண்டுத் தட்டுகளோடு ஒப்பிட்டுக் கேட்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும்: பல்லவி முன்னே வர, முரசு பின்கட்டிற்குப் போய்விட்டது. அங்காடி கேட்ட விலை அது. பாடல்களில் மகிழ்ச்சி மிகுந்த அளவுக்குத் தம் மக்களின் துயர் பேசப்படவில்லை என்று குறை கூறுவாரும் உண்டு. இதை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. இகழப்பட்ட ஒரு மக்கள்கூட்டம் அயலார் அரங்கில் தலைநிமிர்ந்து மகிழ்வதும் ஒரு மறுமொழியே. வழி தெரியாவிடினும் போய்ச் சேர்வோம் என்னும் உறுதியைப் பேசும் 'வோயாயா' பாடலைக் கேட்டவர்கள் அம்மகிழ்ச்சியின் அடியில் இருக்கும் பாரத்தை உணர்வர்.

1980களின் தொடக்கத்தில் இக்குழு இந்தியாவிலும் மேடையேறிற்று. அண்ணல் காந்தியின் வழிபாட்டுக் கூட்டங்களில் ஒலித்த 'ரகுபதி ராகவ'வையும் தம் முரசுகளோடு இசைத்தது. நம் பாடலை வாங்கியவர்கள் தம் தாளத்தைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்குவதில் இழிவில்லை, வாங்கும்போது தன்னை இழப்பதே இழிவு.

நம் சென்னையிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிற்று. நாட்டின் பெயரும் பாட்டின் பெயரும் தமிழில் ஒன்றாய் அமைந்தது தற்செயலே. ஆனால் கானா நாட்டார் லண்டனில் செய்ததைத்தான் கானாப் பாடகர் இங்கே செய்தனர். சாவு வீட்டோடு நிறுத்தப்பட்டிருந்த பறையும் சட்டியும் கட்டமோளமும் கித்தாருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றன. அவர்களின் சில பாடல்களில் முழக்கம் முந்திக்கொள்ள, தாளம் அதன் பின்னே ஓடுகிறது என்ற குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஒசிபிசாவிடம் மகிழ்ச்சி, இவர்களிடம் சினம். இருவரிடத்தும் இல்லாத ஒன்று, சொந்த முரசைப் பற்றிய கூச்சம்.

இனி நம் வீட்டிற்கு வருவோம். 2015இல் மறைந்த நாகூர் ஈ. எம். ஹனிபாவின் கம்பீரக் குரல் சமயம் கடந்து தமிழகமெங்கும் ஒலித்தது. அக்குரலுக்கு வாரிசு தேடும் இன்றைய பாடல்கள் பலவற்றின் நிலை யாது? வெற்றிபெற்ற திரைப்பட மெட்டு ஒன்றை எடுத்து, சொற்களை மட்டும் மாற்றிவைக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கேட்பவன் மனம் சொல்லை விட்டு மூலப் பாடலின் காட்சிக்குத் தாவுகிறது. இங்கே வீட்டுக்காரர் திரைப்படம். நாமோ அதன் திண்ணையில் ஒதுங்கிய விருந்தாளிகள். ஒசிபிசா செய்ததன் நேர் எதிர் இது.

நமக்குத் தாளம் இல்லாமலா போயிற்று? குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைத் தாயிராவோடு தெருத்தெருவாய்க் கொண்டு சென்றவர்கள் பக்கீர்மார்கள். நாகூரில் நகரா முழங்குகிறது. வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய அந்த எளிய கருவியை இரந்துண்போர் கைப்பொருள் என்று நாம் ஒதுக்கினோம்; அதனால் அதன் நடைகளுக்குப் பெயர் கேட்டு வைக்கவும் தோன்றவில்லை. புறநகரில் இப்போது சஹருக்குக் கைப்பேசியே மணியடித்து எழுப்புகிறது. வசதிதான், அதைப் பழிப்பதற்கில்லை. ஆனால் எழுப்பிய கையையும் அதன் கணக்கையும் சேர்த்தே மறந்தது நம் குற்றம்.

மேக் டொன்டோ 2010இலும் டெடி ஓசெய் 2025இலும் மறைந்தனர். அவர்கள் தாளம், தாம்பரத்தில் ஒரு மாணவரின் சட்டைப்பையில், பெயரோடு வாழ்கிறது. அன்று நண்பரின் தகப்பனார் தட்டிய தாளத்தை அவர் பேரன் மறுநாளே கைப்பேசியில் பதிந்து வைத்தான். அதன் பெயர் மட்டும் இன்னும் கிட்டவில்லை. சஹர் பக்கீர்களைக் கேட்டு வளர்ந்த பெரியோர் நம் நேயர் குடும்பங்களில் பலர் இருப்பர். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாவிடினும், அவர்கள் தட்டிக் காட்டுவதைப் பதிந்தாவது வையுங்கள். அந்த மாணவருக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.