விருந்தாளியின் வயிற்றுப்புண்: ஃபாஸ்பிண்டரின் ஒரு படத்தை முன்வைத்து

1

ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டரின் இந்தப் படத்துக்குத் தமிழில் பெயர் வைக்கும்போதே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. ‘பயம் ஆன்மாவைத் தின்கிறது’ என்றால் வேற்றுமை உருபும் விகுதியும் சரியாக இருக்கும், பெயர்தான் தப்பாகிவிடும். ஏனெனில் ஜெர்மன் மூலத்தில் அது இலக்கணம் தவறிய வாக்கியம். மொராக்கோவிலிருந்து மியூனிக்குக்குப் பிழைக்க வந்த ஒருவன், வேலைத்தலத்தில் காதில் விழுந்ததை வைத்து ஒப்பேற்றிப் பேசும் ஜெர்மன். ‘பயம் ஆன்மா தின்னு’ என்பது கொஞ்சம் கிட்டே வரும். அந்தப் பிழையைத் திருத்தாமல் 1974இல் தன் படத்தின் தலைப்பாகவே நிறுத்தியது ஃபாஸ்பிண்டரின் முதல் அரசியல் செயல்பாடு.

கதை சிறியது. எம்மி (பிரிகிட்டே மிரா) அறுபது வயதை ஒட்டிய விதவை. கட்டிடங்களைக் கூட்டிப் பெருக்கிப் பிழைப்பவள். பிள்ளைகள் தனித்தனியே போய்விட்டார்கள். ஒரு மழைநாள் இரவில், அரபுத் தொழிலாளிகள் கூடும் மதுக்கடைக்குள் ஒதுங்குகிறாள். கடையிலிருந்த பெண்ணொருத்தி கேலிக்காக ஏவிவிட, அலி அந்தக் கிழவியை நடனமாடக் கூப்பிடுகிறான். அவளைவிட இருபது வயதாவது இளையவன். கேலியில் ஆரம்பித்தது சிநேகமாகி, கல்யாணத்தில் போய் முடிகிறது.

இனமும் வயதும் கடந்து மனிதம் வென்றது என்று இந்தப் படத்தை வாசிப்பது நமக்கு மிகவும் வசதியானது. ஆனால் படம் அந்த வசதியைத் தருவதில்லை. இரண்டு தனிமைகள் சந்தித்தால் தனிமை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையைத்தான் அது காட்சி காட்சியாகப் பிரித்துப் போடுகிறது.

2

மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியோடும், 1961இல் துருக்கியோடும், 1963இல் மொராக்கோவோடும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. 1973இல் அங்கே சுமார் 26 லட்சம் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஃபாஸ்பிண்டர் இந்தப் படத்தை இரண்டு வாரச் சொச்சத்தில் எடுத்து முடிக்கிறார். நவம்பரில், எண்ணெய் நெருக்கடியின் நடுவே, அரசு ஆள்சேர்ப்பை நிறுத்துகிறது.

இவர்களுக்கு அங்கே வழங்கிய பெயர் ‘விருந்தாளித் தொழிலாளி’. தமிழில் விருந்து என்பதன் பழைய பொருள் புதுமை. விருந்தினர் புதிதாக வந்தவர், முன்பின் அறியாதவர். இந்த ஜெர்மன் சொல்லில் விருந்தாளி என்றால் வேலை முடிந்ததும் கிளம்ப வேண்டியவன். உபசார வார்த்தைக்குள்ளேயே திருப்பி அனுப்பும் ஆணையும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

அலி என்பதுகூட அவன் பெயரல்ல. முழுப்பெயர் நீளமானது. ஜெர்மன்காரர்கள் அலி என்றார்கள், அவனும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான். ஃபாஸ்பிண்டரின் 1970ஆம் ஆண்டுப் படமான ‘அமெரிக்கச் சிப்பாய்’யில் ஒரு ஹோட்டல் பணிப்பெண் இதே கதையின் முதல் வடிவத்தைச் சொல்கிறாள். அதில் எம்மி கொலையுண்டு கிடக்கிறாள். கழுத்தில் மோதிரம் பதித்த ஓர் எழுத்தின் தடம், அலி என்ற பெயரின் முதலெழுத்து. போலீஸ் விசாரித்தால் அகப்படும் துருக்கியன் எல்லாம் அலி! பிற்பாடு எடுத்த படத்தில் கொலை இல்லை. பெயரை அழிக்கும் அந்தக் காரியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எம்மியும் அப்பழுக்கற்றவள் இல்லை. ஹிட்லரின் கட்சியில் இருந்ததை, எல்லாரும்தானே இருந்தார்கள் என்கிற தொனியில் சாதாரணமாகச் சொல்கிறாள். கல்யாணத்தன்று அலியை அவள் சாப்பிடக் கூட்டிப்போவது ஹிட்லர் வழக்கமாகச் சாப்பிட்ட உணவகத்துக்கு. அங்கே போக வேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இதில் வன்மம் துளியும் இல்லை, அதுதான் பயங்கரம்.

3

படத்தின் முதல் பாதி முழுக்க விலக்கல். மகன் தொலைக்காட்சிப் பெட்டியை எட்டி உதைக்கிறான். மளிகைக்கடைக்காரன் அலி பேசுவது புரியவில்லையென்று சாமான் தர மறுக்கிறான். கூட வேலை செய்யும் பெண்கள் படிக்கட்டில் எம்மியைத் தனியே விட்டு ஒதுங்கி உட்கார்கிறார்கள். ஆளில்லாத தோட்ட உணவகத்தில், மஞ்சள் நாற்காலிகளுக்கு நடுவே, ஊழியர்கள் சிலைபோல நின்று முறைக்க, எம்மி உடைந்து அழுகிறாள். எங்காவது போய்விட்டு வருவோம், வந்தால் எல்லாரும் நல்லவர்களாகியிருப்பார்கள் என்கிறாள்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. திரும்பி வரும்போது நிஜமாகவே எல்லாரும் நல்லவர்களாகியிருக்கிறார்கள். கடைக்காரனுக்கு வாடிக்கை வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்கு எம்மியின் நிலவறையில் சாமான் வைக்க இடம் வேண்டும், தூக்கிப்போக அலியின் தோள் வேண்டும். மகனுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மனம் மாறியதாக யாரும் சொல்லவில்லை, கணக்குத்தான் மாறியிருக்கிறது. வெறுப்பும் ஏற்பும் ஒரே சந்தையின் இரண்டு விலைகள்.

இந்த ஏற்பு எம்மிக்குள்ளும் புகுந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த தோழிகளிடம் அலியின் புஜங்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். அவன் எழுந்து போனதும், அந்நியர்களுக்கே உரிய மனோபாவம் என்று விளக்கம் வேறு. குஸ்குஸ் கேட்டால் ஜெர்மன் சாப்பாட்டுக்குப் பழகிக்கொள்ளச் சொல்கிறாள். வேலைக்குப் புதிதாக வந்த யூகோஸ்லாவியப் பெண் அதே படிக்கட்டில், எம்மி இருந்த இடத்தில் தனியே இருக்கிறாள். இப்போது விலக்குகிறவர்களின் வரிசையில் எம்மி! கேமராவும் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒடுக்கப்படுபவருக்குத் தானாகவே ஞானம் பிறக்கும் என்று நம்புகிற தோழர்கள் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அலியும் விலக்கில்லை. தன்னைத் தேடிப் பட்டறைக்கு வந்த எம்மியைச் சக தொழிலாளிகள் ‘உன் பாட்டியா’ என்று கேலிசெய்ய, அவனும் சேர்ந்து சிரிக்கிறான்.

4

இந்த விமர்சனத்திலிருந்து ஃபாஸ்பிண்டரையும் விட்டுவிட முடியாது. குளிக்கும் அலியின் நிர்வாணத்தைக் கண்ணாடி வழியே காட்டும் கேமரா, புஜத்தைத் தொட்டுப் பார்க்கும் அந்தப் பெண்களிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது? அலியாக நடித்த எல் ஹெதி பென் சலேம் மொராக்கோக்காரர். அப்போது இயக்குநரின் காதலர். 1977இல் பிரெஞ்சுச் சிறையொன்றில் இறந்தார். ஃபாஸ்பிண்டர் தன் கடைசிப் படமான ‘க்வெரெல்’லை (1982) அவருக்குச் சமர்ப்பித்தார். சமர்ப்பணம் கணக்கைத் தீர்க்காது. ஆனால் தொட்டுப் பார்க்கும் கையை அருவருப்போடு பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் இதே படம்தான் என்பதால், அந்தக் கேள்வியை நம்மால் படத்துக்குள் நின்றே கேட்க முடிகிறது.

டக்ளஸ் சிர்க்கின் 1955ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தில், விதவையும் தோட்டக்காரனும் கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். அதிலிருந்து உந்துதல் பெற்ற ஃபாஸ்பிண்டரும் சேர்த்துத்தான் வைக்கிறார், ஆஸ்பத்திரியில். அதே மதுக்கடையில், அதே பாட்டுக்கு ஆடும்போது அலி சுருண்டு விழுகிறான். வயிற்றுப்புண். அயல்நாட்டுத் தொழிலாளிகளிடம் இது அடிக்கடி வருவது என்கிறார் மருத்துவர்; அறுத்து எடுத்தாலும் ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிடும். வராமல் பார்த்துக்கொள்வேன் என்கிறாள் எம்மி. மருத்துவர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவளுடைய அன்பு பொய்யில்லை. அந்தக் கையை அவள் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் புண் அலியின் வயிற்றில் உற்பத்தியானதல்ல. நெருக்கி அடைத்த அறையில், பட்டறையில், மளிகைக்கடை வாசலில், கடைசியில் எம்மியின் சமையலறையிலும் உற்பத்தியானது. எம்மியோடு சேர்ந்து அழுவதில் தப்பொன்றுமில்லை. புண்ணுக்குக் காரணம் கேட்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தால், அந்த மளிகைக்கடைக்காரனுடைய புதிய சிரிப்புத்தான் நம் முகத்திலும் இருக்கும்.