பாழ்மனையும் நிழற்படமும்: ஒரு விமர்சன நோக்கு

வரலாற்றுச் சின்னமொன்றை நிழற்படமாக்கும் கலைஞன், அதன் தோற்றத்தை மட்டுமன்றி, அதைப்பற்றி எதனை நினைவிற் கொள்ளவேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றான். ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், 1931இல் தேசிய நினைவுச்சின்னமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட கன்யன் டி ஷே பள்ளத்தாக்கின் படங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

திமோதி ஓ'சல்லிவன் 1873இல் அரச நில அளவைக் குழுவொன்றுடன் அங்கு சென்றார். பியூப்ளோ மக்களின் மூதாதையர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் பாறைக் குடைவில் அமைத்த 'வெள்ளை இல்லம்' என்னும் பாழ்மனையைப் படம்பிடித்தார். படத்தின் பெரும்பகுதியைக் கறைக்கோடுகள் படிந்த பாறைச்சுவரே நிரப்புகின்றது; மனிதர் சிலர் எறும்பளவினராய்த் தோன்றுகின்றனர். காலத்தின் பெருமையையும் மனிதனின் சிறுமையையும் இதனினுஞ் சுருங்கக் காட்டுதல் அரிது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னர் அன்சல் அடம்ஸ் கிட்டத்தட்ட அதே கோணத்தில் அக்காட்சியை மீண்டும் படமாக்கினார்.

ஆயின், அப்படம் கூறாத கதையொன்று உண்டு. மனையைக் கட்டியோர் நீங்கியபின் அங்கு குடியேறி வாழ்ந்தோர் நவாஹோ மக்கள். 1864இல் கிற் கார்சனின் தலைமைக்குட்பட்ட படையினர் பள்ளத்தாக்கினுட் புகுந்தனர். அவ்வாண்டில் குடில்களும் விளைநிலங்களும் அழிக்கப்பட்டன. பீச் மரத்தோப்புகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. ஆயிரக்கணக்கான நவாஹோ மக்கள் நெடுந்தூரம் நடத்திச் செல்லப்பட்டு பொஸ்க் ரெடொண்டோவிலே தடுத்துவைக்கப்பட்டனர். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரே அவர்கள் மீண்டனர். ஓ'சல்லிவன் வந்தபோது ஐந்தாண்டுகளே கழிந்திருந்தன. படத்தின் தலைப்போ பாழ்மனை 50 அடி உயரத்தில் உள்ளதென அளவுரைத்து அமைகின்றது.

இதனைக் கலைஞனின் குற்றமெனல் அவசரத் தீர்ப்பாகும். கெற்றிஸ்பேர்க் போர்க்களத்தின் பிணங்களை 1863இல் ஒளிக்காது காட்டியவரும் அவரே. 1873ஆம் ஆண்டிலேயே, தறியருகே அமர்ந்த நவாஹோ மக்களையும் அவர் படம்பிடித்தார். எனினும், பெரும்புகழ் பெற்றது பாழ்மனையின் படமே. குடிகளற்ற சுவர் எவரையும் வினாவாது; ஆதலின் அதனை இரசித்தல் எளிது.

அப்பள்ளத்தாக்கு இன்றும் நவாஹோ மக்களின் நிலமே. அங்கு அவர்கள் பயிரிட்டு வாழ்கின்றனர். எனவே, பாழ்மனையின் படத்தையும் தறியின் படத்தையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். முன்னையது கடந்த காலத்தைக் காட்டும். பின்னையது அதனைக் கடந்துவந்த மக்களைக் காட்டும். ஒன்றை விடுத்து மற்றதைப் போற்றும் இரசனை, எத்துணை நுட்பமுடையதாயினும், குறைபட்ட வரலாற்றையே வளர்க்கும்.