அடிக்குறிப்பில் ஒரு சிறுவன்

விளையாட்டைப் பற்றிய எழுத்தை இலக்கியமாக மதிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. வென்றவர் யார், புள்ளிகள் எத்தனை, அடுத்த ஆட்டம் என்று என்பனவற்றோடு நம் நாளேடுகளின் விளையாட்டுப் பக்கம் நிறைவடைந்துவிடுகிறது. திடலோரத்தில் ஒரு பகற்பொழுதைக் கழிக்கும் ரசிகனின் உள்ளத்தில் நிகழ்வது என்ன என்று கேட்பார் அரியர். அதனைக் கேட்டவர்களுள் ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் (1962-2008). இளமையில் தாமும் டென்னிஸ் போட்டிகளில் ஆடிய இவர், அவ்வாட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகளுள் இரண்டினை இங்கு ஆராய விழைகிறோம். அவற்றுள் இரண்டாவதன் தலைப்பு 'இறையனுபவமாக ஃபெடரர்' என்று பொருள்படும். இறையனுபவம் என்னும் சொல் ஓர் ஆட்டக்காரர்மேல் ஏற்றப்படும்போது, அச்சொல்லை மறையுரை மேடையில் நாளும் கையாளும் நம்மைப் போன்றோர் வாளாவிருத்தல் முறையன்று.

முதற்கட்டுரை 1996இல் 'எஸ்குவயர்' இதழில் வெளிவந்தது. 1995 ஜூலையில் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் நடந்த போட்டிக்கு வாலஸ் செல்கிறார். பெரிய ஆட்டங்கள் தொடங்கு முன்னரே அவர் அங்கு இருக்கிறார். அவை தகுதிச் சுற்றின் நாள்கள். போட்டியில் நேரடியாக இடம் பெறாதவர்கள் ஒருவரையொருவர் வென்று உள்ளே நுழைய முயலும் நேரம் அது. பார்வையாளர் இருக்கைகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. அங்கே அவர் உற்றுநோக்கும் ஆட்டக்காரர் மைக்கேல் ஜாய்ஸ் என்னும் 22 வயது இளைஞர். அப்போது உலகத் தரவரிசையில் அவருக்கு 79ஆம் இடம். உலகில் தம்மினும் மேலாக எழுபத்தெட்டுப் பேரே உள்ள ஒருவர், நுழைவுரிமைக்காகப் போராடுகிறார் என்பதே கட்டுரையின் முதல் வியப்பு.

இரண்டாவது வியப்பு பயிற்சித் திடலில் காத்திருக்கிறது. அங்கே புள்ளிக் கணக்கு இல்லை, கைதட்டல் இல்லை. ஒரே மூலைக்கு ஒரே வீச்சு, மீண்டும் மீண்டும். பந்து மட்டையின் நடுவில் படும் ஓசை மட்டுமே கேட்கிறது. அந்த ஆட்டக்காரர்களுடன் தாமும் சிறிது பந்தடித்துப் பார்க்கலாம் என்னும் எண்ணத்தோடு சென்ற வாலஸ், அவர்களை அருகிலிருந்து கண்டபின் அவ்வெண்ணத்தைக் கைவிடுகிறார். தமக்கும் அவர்களுக்கும் இடையே உள்ளது அளவில் அமைந்த வேறுபாடன்று, வகையிலேயே அமைந்த வேறுபாடு என்று உணர்கிறார். தொலைக்காட்சியில் இறுதியாட்டத்தை மட்டும் பார்ப்பவர் கனியைக் காண்கிறார். பயிற்சியைப் பார்ப்பவர் உழவைக் காண்கிறார்.

இங்கே நமக்கு ஒரு பழஞ்சொல் நினைவுக்கு வருகிறது. 'அஸ்கேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல் முதலில் பயிற்சியையே, சிறப்பாக மற்போர் வீரர் முதலானோரின் பயிற்சியைக் குறித்தது. அதுவே பின்னாளில் பாலைநிலத் துறவியரின் தவ ஒழுக்கத்துக்குப் பெயராயிற்று. கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுலடியார் ஓட்டப்பந்தய வீரரையும் குத்துச்சண்டை வீரரையும் எடுத்துக்காட்டாகக் கூறுவது வெறும் அணியழகுக்காக அன்று. கொரிந்துக்கு அருகிலேயே இஸ்துமிய விளையாட்டுகள் நடைபெற்றன. வாடிப்போகும் இலைமுடிக்காக உடலை ஒறுப்பவரை அந்நகரத்தார் நேரில் அறிந்திருந்தனர். பயிற்சித் திடலின் ஓரத்தில் நிற்கும் எந்தக் கிறிஸ்தவ ரசிகரும் தம் செபவாழ்வைப் பற்றிச் சற்று நாணவே செய்வார்.

எனினும் வாலஸ் வியப்போடு நின்றுவிடவில்லை என்பதே அக்கட்டுரையின் சிறப்பு. அது நூலில் இடம்பெற்றபோது அவர் சூட்டிய நீண்ட தலைப்பில் தெரிவு, சுதந்திரம், கட்டுப்பாடு, மகிழ்ச்சி, விகாரம், மனித நிறைவு ஆகிய சொற்கள் அடுத்தடுத்து அணிவகுக்கின்றன. மகிழ்ச்சிக்கு அடுத்தே விகாரம் நிற்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒரே துறையில் உச்சத்தை எட்ட, மற்றெல்லாத் துறைகளிலும் வாழ்வு சுருங்கிப்போகிறது. தெரிந்துகொள்ளும் வயது வருமுன்னரே மட்டையைக் கையிலேந்திய குழந்தை, அந்த வாழ்வைத் தானே தெரிந்துகொண்டதா? இக்கேள்வி டென்னிசோடு முடிவதில்லை. பள்ளிப் பருவத்திலேயே இளங்குருமடத்தில் சேர்க்கப்பட்ட சிறுவரைக் குறித்தும், பெற்றோரின் நிறைவேறாக் கனவைச் சுமந்து தனிவகுப்புகளுக்கு ஓடும் பிள்ளைகளைக் குறித்தும் இதே கேள்வி எழவே செய்கிறது. பிறர் தொடங்கி வைத்த வாழ்வை, ஒருநாள் முழுச் சுதந்திரத்தோடு தம்முடையதாக ஏற்பதில்தான் அழைத்தல் உண்மையாகிறது. ஜாய்ஸ் எட்டிய உச்ச இடம் 64. பின்னர் அவர் மரியா ஷரபோவாவின் பயிற்சியாளராகப் பெயர் பெற்றார். இலைமுடி கிட்டாதவரும் பிறருடைய ஓட்டத்துக்குத் துணையாகலாம் என்பதற்கு அது ஒரு நற்சான்று.

இனி இரண்டாம் கட்டுரைக்கு வருவோம். 2006 ஜூலையில் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ரோஜர் ஃபெடரர், ரஃபேல் நடாலை 6-0, 7-6, 6-7, 6-3 என்னும் கணக்கில் வென்றார். அதனை நேரில் கண்ட வாலஸ், ஆகஸ்ட் 20 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டின் விளையாட்டு இணைப்பிதழில் தம் கட்டுரையை வெளியிட்டார். தொலைக்காட்சி திடலின் நீளத்தைக் குறுக்கிக் காட்டுவதால், பந்தின் வேகமும் ஆட்டக்காரருக்குக் கிட்டும் நேரத்தின் சிறுமையும் நமக்குப் புலப்படுவதில்லை என்கிறார். 1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆண்டுதோறும் நடந்த ஆடவர் போட்டிகளைத் திடலோரம் அமர்ந்து கண்ட நம் வாசகர்கள் இதனை ஒப்புவர்.

கட்டுரையின் உயிர்க்கருத்து வேறு. நோவும் மூப்பும் சாவும் உடைய உடலோடு வாழ்வது மனிதருக்கு ஒரு சுமை. மாபெரும் ஆட்டக்காரரின் உடலழகு, உடல் உடையவராய் இருப்பதோடு நம்மை ஒப்புரவாக்குகிறது என்கிறார் வாலஸ். இக்கருத்தை நாம் தயக்கமின்றி வரவேற்கலாம். வாக்கு மனிதரானார் என்று அறிக்கையிடும் திருச்சபை, உடலை இழிவாகக் கருதும் கொள்கைகளைத் தொடக்கக் காலமுதல் மறுத்தே வந்துள்ளது. விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் நிறுவினார். 2000ஆம் ஆண்டு யூபிலியில் விளையாட்டு வீரர்களுக்கெனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமை விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றினார். 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ தாமே டென்னிஸ் ஆடும் வழக்கமுடையவர்.

ஆயினும் அந்தத் தலைப்புச் சொல்லை நாம் அப்படியே ஏற்க இயலுமா? ஆங்கிலத்தில் ஒரே சொற்றொடருள் அடங்கிக் கிடப்பதைத் தமிழ் இரண்டாகப் பிரித்தறிகிறது. சமய அனுபவம் என்பது மனிதர் தம்மினும் பெரிய ஒன்றன்முன் மெய்சிலிர்த்து நிற்கும் நிலை. மலையுச்சியிலும் கடற்கரையிலும் நல்லிசையிலும் அது வாய்க்கும், விம்பிள்டனிலும் வாய்க்கலாம். இறையனுபவமோ அங்குத் தொடங்கினும் அங்கு முடிவதில்லை. அது நம்மைப் பெயர்சொல்லி அழைக்கிறது. நம்மிடம் ஒன்று கேட்கிறது. பிறரிடம் நம்மை அனுப்புகிறது. ஃபெடரரின் முன்கை வீச்சு ரசிகரிடம் எதையும் கேட்பதில்லை. வியந்தவர் வியந்தபடியே வீடு திரும்பலாம். மேலே நாம் மொழிபெயர்த்த தலைப்பில் 'இறையனுபவம்' என்று எழுதியது வழக்குநோக்கியே. ஆசிரியர் கண்டதற்குச் 'சமய அனுபவம்' என்பதே பொருந்தும் பெயர்.

இத்தோடு நம் திறனாய்வு முடிந்திருக்கும், அக்கட்டுரையில் ஒரு சிறுவன் இல்லாதிருந்தால். இறுதியாட்டத்தின் தொடக்கத்தில் நாணயம் சுண்டும் சிறப்பு, மழலைப் பருவத்திலேயே புற்றுநோய்க்கு ஆளாகிக் கடும் சிகிச்சையால் பிழைத்த ஒரு சிறுவனுக்கு அளிக்கப்பட்டிருந்தது. வலையருகே இருபுறமும் ஆட்டக்காரர்கள். நடுவே அவர்களின் இடுப்பளவே உயர்ந்த குழந்தை. வாலஸ் இதனைக் கட்டுரையில் குறித்துவிட்டு மேலே செல்கிறார். ஆனால் ஆட்டம் உச்சத்தை எட்டும் வேளையில் அச்சிறுவன் அவர் நினைவுக்கு மீள்கிறான். குழந்தைகளை நோய்க்குள்ளாக்கும் அதே மூலம், அது கடவுளாயினும் குருட்டு இயற்கையாயினும், ஃபெடரரையும் படைத்தது என்னும் எண்ணம் அவரை ஆட்கொள்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகும் என்று கூறுவது கொடுமையாகும் என்றும் அவரே எச்சரிக்கிறார். இத்துணைப் பெரிய எண்ணத்தை அவர் எழுதியிருப்பது ஓர் அடிக்குறிப்பில்!

நம் பார்வையில் அக்கட்டுரையின் கருவறை அந்த அடிக்குறிப்பே. மேலே நிகழும் வருணனைகள் அனைத்தும் அதன் வெளிப்பிரகாரங்கள். நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே நின்று அதன் தாயின் முகத்தைப் பார்த்த எந்தக் குருவுக்கும் இக்கேள்வி புதிதன்று. உலகில் அழகும் உள்ளதே என்று அத்தாய்க்கு ஆறுதல் கூற ஒருவராலும் இயலாது. வாலஸ் அவ்வாறு கூறத் துணியாததற்காக நாம் அவரை வணங்குகிறோம். ஆனால் அவர் இரண்டு உடல்களை அருகருகே நிறுத்திவிட்டு, மேற்செல்ல வழியின்றி, அழகிய உடலை நோக்கியே மீண்டும் கண்களைத் திருப்புகிறார். அதுவே கட்டுரையின் எல்லை.

நம் விசுவாசம் அந்த இரண்டையும் ஒரே உடலில் காண்கிறது. உயிர்த்த ஆண்டவர் நம் மண்ணின் திருத்தூதர் தோமையாருக்குக் காட்டியது மாட்சிமை பெற்ற உடல். ஆயினும் அதில் ஆணிகளின் தழும்புகள் இருந்தன. மாட்சிமை காயங்களை அழித்துவிடவில்லை. படைத்தவர் ஏன் இரண்டையும் அனுமதித்தார் என்னும் வினாவுக்கு அது விளக்கமாகாது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்வோம். படைத்தவர் அவ்விரண்டனுள் எப்பக்கம் வந்து நின்றார் என்பதை அது காட்டுகிறது. திருப்பலியில் நாம் உயர்த்திக் காட்டுவதும் பிட்கப்படும் உடலைத்தான்.

வாலஸ் நெடுங்காலம் மனச்சோர்வு நோயால் துன்புற்று, 2008 செப்டம்பர் 12 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அத்துயர முடிவை அவர் எழுத்துக்கு எதிரான வாதமாக எடுப்பது அன்புக்கு முரணானது. நோயுற்றவர்களுள் அவரும் ஒருவர். நம் செபத்துக்கு உரியவர்.

அவர் கண்ட அழகும் காலத்துக்குத் தப்பவில்லை. 2008 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில், ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடித்த அரையிறுதியை வென்ற நடால், மறுநாள் இறுதியாட்டத்தில் 6-0, 6-1 என வீழ்ந்ததைச் சென்னை ரசிகர்கள் கண்டனர். முழங்கால் அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் ஃபெடரர் 2022 செப்டம்பரில் இலண்டனில் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். அன்று அவருக்கு இணையாக ஆடியவர் நடால். ஆட்டம் முடிந்தபின் இருவரும் அருகருகே அமர்ந்து, கைகோத்துக் கண்ணீர் விட்டனர். அதனைக் காண வாலஸ் இல்லை. இருந்திருந்தால், அந்தக் காட்சியையும் அச்சிறுவனையும் இம்முறை அடிக்குறிப்பிலிருந்து கட்டுரையின் நடுவுக்கே கொண்டுவந்திருப்பார் என்று நம்ப விரும்புகிறோம்.